வேலை கூடுது... சம்பளம் கூடலையே!

தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கும் ஒரு சகோதரி இந்தப் பகுதியில் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். பாடம் நடத்தத்தான் வேலைக்குச் சேர்ந்தாராம். இப்போது வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது, ஃபீஸ் பாக்கி வைத்திருக்கும் பெற்றோருக்குப் போன் போடுவது, ஆண்டு விழாவுக்கு டான்ஸ் சொல்லிக் கொடுப்பது எல்லாமே அவர் தலையில். சம்பளம் மட்டும் பெரிதாக நகரவில்லை. 'கேட்டால் இருக்கிற வேலையும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது' என்று முடித்திருந்தார். அவருக்கும், அவரைப் போலத் தவிக்கும் மற்ற தோழியருக்கும் என் அனுபவம் உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறேன். 2014 தை மாதம் பில் போடச் சேர்ந்தேன். சம்பளம் 7,000 ரூபாய். காலை ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். எங்கள் முதலாளியைச் சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர். வருஷா வருஷம் தீபாவளிக்கு 500 ரூபாய் சம்பளத்தில் கூட்டுவார். கொரோனா வந்த 2020-ல், கடை மாதக் கணக்கில் மூடிக் கிடந்தபோதும் அந்த 500-ஐ நிறுத்தவில்லை. இப்படி ஒன்பது தீபாவளி போய், 2023-ல் என் சம்பளம் 11,500 ரூபாயாக இருந்தது.

ஆனால் அந்த ஒன்பது வருஷத்தில் வேலை எங்கே போய் நின்றது தெரியுமா? 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. 'ஏம்மா, நீதான் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருக்கியே, இதையும் கொஞ்சம் பார்த்துக்க' என்றார் முதலாளி. முதலாளி பெயரில் ஒரு கம்பெனி, அவர் சம்சாரம் பெயரில் ஒரு கம்பெனி. இரண்டுக்கும் மாதா மாதம் 11-ம் தேதிக்குள் விற்பனைக் கணக்கு, 20-ம் தேதிக்குள் வரிக் கணக்கு ஏற்ற வேண்டும். ஒருநாள் தப்பினாலும் தாமதக் கட்டணம். அடுத்து ஸ்டாக் கணக்கு வந்தது. அதற்கடுத்து, கிராமத்துக் கடைக்காரர்களிடம் பாக்கி கேட்டுப் போன் போடுகிற வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு டேலி சொல்லிக் கொடுப்பதும் நானே. ரிட்டர்ன் போடும் நாட்களில் வீடு வந்து சேர ஒன்பது மணி ஆகிவிடும்.

2022-ல் பில் போட ஒரு தம்பியைச் சேர்த்தார்கள். வேலை கற்றுக் கொடுத்தது நான். அவனுக்கு முதல் மாதமே சம்பளம் 13,000!

இரண்டு உயர்வும் ஒன்றல்ல

இந்த இடத்தில்தான் நாம் தெளிவாக இருக்க வேண்டும் தோழியரே. தீபாவளிக்குக் கூட்டிய 500 ரூபாய், வருஷத்துக்கான உயர்வு. அரிசி, பருப்பு, கேஸ், பஸ் கட்டணம் எல்லாம் ஏறுகிறதே, அதற்காக. பில் போடுவதை மட்டுமே நான் இன்று வரை செய்துகொண்டிருந்தாலும் அந்த 500 எனக்குக் கிடைத்திருக்கும். கூடுதலாகச் சேர்ந்த வேலைக்கு என்று எனக்கு ஒரு பைசாவும் வரவில்லை. வருஷ உயர்வு வேறு, வேலை உயர்வு வேறு. 'அதான் வருஷா வருஷம் ஏத்தறாங்களே, இன்னும் எப்படிக் கேட்கிறது?' என்று பலரும் தயங்குவது இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான்.

இன்னொன்று. சேர்ந்த வேலை ஒரே நாளில் தலையில் விழுவதில்லை. 'கொஞ்சம் இதையும் பார்த்துக்க', 'அவ லீவு, ரெண்டு நாளைக்கு நீ பாரு' என்று துளித் துளியாக வரும். ரெண்டு நாள் ரெண்டு வருஷமாகிவிடும். கொடுத்தவருக்கே என்னென்ன கொடுத்தோம் என்பது மறந்துபோகும். அதனால் முதலாளி ஏமாற்றுகிறார் என்று மனசுக்குள் பொருமிக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. அவர் கண் முன்னால் கணக்கை வைக்க வேண்டும்.

நான் செய்தது என்ன?

முதலில் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். நாலு வாரம், தினமும் என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். நான் சேர்ந்த பில் வேலை பாதிப் பொழுதைக்கூட எடுக்கவில்லை. மிச்சமெல்லாம் பிறகு சேர்ந்தவை.

அடுத்து விலை விசாரித்தேன். இரண்டு கம்பெனிக்கும் கணக்கு எழுதி ரிட்டர்ன் போட வெளி ஆளுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று, பகுதி நேரக் கணக்கு எழுதும் ஒருவரிடம் கேட்டேன். மாதம் 5,000 என்றார். பில் போடும் வேலைக்கு 13,000 என்று கடையே ஒரு விலை வைத்துவிட்டது. ஆக 13,000-மும் 5,000-மும் 18,000. இந்தத் தொகையை நான் ஆசைக்குச் சொல்லவில்லை. இரண்டு எண்ணையும் கூட்டிப் பார்த்தால் வருவதுதான். 'பார்த்துப் போட்டுக் கொடுங்க' என்று கேட்டால் 500-தான் வரும். கணக்கோடு ஒரு தொகையைச் சொன்னால், பேச்சு அந்தத் தொகையிலிருந்து தொடங்கும்.

மூன்றாவது, நேரம். பாத்திரக் கடையில் முகூர்த்த மாதத்தில் முதலாளியிடம் பேசவே முடியாது. ஆடி மாதத்தில் கேட்டால் 'வியாபாரமே இல்லையேம்மா' என்பார். ஆவணிக் கல்யாணக் கூட்டம் முடிந்து, கையில் பணமும் மனசில் நிம்மதியும் இருக்கும் புரட்டாசியைத் தேர்ந்தெடுத்தேன். செப்டம்பர் 20-க்குள் போட வேண்டிய ரிட்டர்னை ஒழுங்காகப் போட்டு முடித்துவிட்டு, அடுத்த வாரம் புதன்கிழமை மத்தியானம் பேசினேன். (பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது அல்லவா!) டீச்சர் சகோதரிக்கு இது ஏப்ரல், மே மாதம். அடுத்த வருஷத்துக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும் சமயம் அது. ஜூனில் பள்ளி திறந்தபின் கேட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சுலபமாகத் தள்ளிவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. மற்றவர்கள் எதிரில் கேட்கக் கூடாது. முதல் நாளே, 'முதலாளி, நாளைக்கு மத்தியானம் ஒரு பத்து நிமிஷம் உங்ககிட்ட பேசணும்' என்று சொல்லி வைத்தேன்.

வரும் பதில்கள், சொல்லும் பதில்கள்

நோட்டை அவர் முன்னால் வைத்து, 'நான் சேர்ந்தப்ப இருந்த வேலை இது, இப்ப செய்யற வேலை இது. செய்ய மாட்டேன்னு சொல்லலை முதலாளி. இதுக்குத் தகுந்த மாதிரி சம்பளத்தைப் பேசிக்கலாம்னு வந்தேன். 18,000 வேணும்' என்றேன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இது ரொம்ப முக்கியம். நாமே பதறிப்போய் 'இல்லாட்டி பதினாலாவது கொடுங்க' என்று இறங்கிவிடக் கூடாது. அவர் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு வழக்கமான பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. உங்களுக்கும் இவைதான் வரும். அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

* 'நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிம்மா. உன்கிட்டப் போய் கணக்கு பார்ப்பேனா?' இதற்குத்தான் நம்மில் பலர் உருகிவிடுவோம். நான் சொன்னேன்: 'அந்த உரிமையிலதான் முதலாளி உங்ககிட்ட நேரா கேட்கிறேன். வெளியாளா இருந்தா சொல்லாம வேற கடைக்குப் போயிருப்பேன்.'

* 'உன் வீட்டுக்காரர்தான் கவர்ன்மென்ட் சம்பளம் வாங்கறாரே?' என் கணவர் பஸ் கண்டக்டர். 'அது அவர் டிக்கெட் கொடுக்கறதுக்கு வர்ற சம்பளம் முதலாளி. நான் கணக்கு எழுதறதுக்கு அவங்க தர மாட்டாங்களே' என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் யார் யார் சம்பாதிக்கிறார்கள் என்பதற்கும் கடையில் நாம் செய்யும் வேலையின் மதிப்புக்கும் சம்பந்தம் இல்லை. அதே போல 'பொண்ணு காலேஜ் ஃபீஸ் கட்டணும், மாமியாருக்கு மருந்து வாங்கணும்' என்று நம் கஷ்டத்தையும் நாம் சொல்ல வேண்டாம். கஷ்டத்தைச் சொன்னால் அட்வான்ஸ்தான் கிடைக்கும், மாதா மாதம் பிடித்துக்கொள்வார்கள். வேலையைச் சொன்னால்தான் சம்பளம் கூடும்.

* 'அந்தப் பையன் ஆம்பளைப் பிள்ளை, குடும்பத்தைக் காப்பாத்தணும்.' இதற்கு நான் குரலை உயர்த்தவில்லை. 'ரெண்டு பேரும் போடறது ஒரே பில்லுதானே முதலாளி' என்று மட்டும் சொன்னேன்.

* 'தீபாவளி வருதே, போனஸ்ல நல்லா பார்த்துச் செய்யறேன்.' கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் போனஸ் அந்தத் தீபாவளியோடு போச்சு. சம்பளத்தில் ஏறினால் மாதா மாதம் வரும். அது மட்டுமில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை என்றால் ஐந்து வருஷம் முடித்தவர்களுக்குக் கிராஜுவிட்டி உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியை வைத்துத்தான் அதைக் கணக்கிடுவார்கள். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை வேலை பார்த்த வருஷத்தால் பெருக்க வேண்டும். முழுச் சம்பளமும் அடிப்படைச் சம்பளமாகவே இருந்தால், 11,500 ரூபாய்க்குப் பத்து வருஷத்துக்கு சுமார் 66,350 ரூபாய். அதே பத்து வருஷத்துக்கு 15,500 ரூபாய் சம்பளத்தில் சுமார் 89,400 ரூபாய். பார்த்தீர்களா! இன்று சம்பளத்தில் ஏறும் 4,000, பழைய வருஷங்களுக்கும் சேர்த்து வேலை செய்கிறது. 'அலவன்ஸ்' என்று தனியாகத் தருகிறேன் என்றால் இதையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

* 'வியாபாரம் முன்ன மாதிரி இல்லம்மா, கட்டுப்படியாகாது.' கணக்கு எழுதுவது நான்தானே, எனக்குத் தெரியாதா? ஆனாலும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. 'அப்படின்னா ஒரே தடவையில வேணாம், ரெண்டு தவணையா ஏத்துங்க. இல்லே, சில வேலையை வேற ஆளுக்கு மாத்திடுங்க' என்றேன். கொடுக்கவும் வழி, குறைக்கவும் வழி என்று இரண்டு கதவைத் திறந்து வைத்தால் பேச்சு முறியாது.

அன்று அவர் முடிவு சொல்லவில்லை. 'யோசிச்சுச் சொல்றேன்' என்றார். 'எப்ப வரட்டும் முதலாளி?' என்று கேட்டு நாள் வாங்கிக்கொண்டு வந்தேன். நாள் வாங்காத பேச்சு கிணற்றில் போட்ட கல்தான்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். அந்த மாதமே 15,500. தை பிறந்ததும் 16,500. பாக்கி வசூல் வேலை அவர் மகனுக்குப் போனது. இனி என் வேலை 'கணக்கர்' என்று ஒரு தாளில் எழுதி, சீல் போட்டுக் கொடுத்தார். கேட்டது 18,000, கிடைத்தது 16,500. இதில் எனக்குக் குறையில்லை. ஒரு பெரிய வேலையும் இறங்கிவிட்டதே! இப்போது ரிட்டர்ன் போடும் நாளிலும் ஏழரைக்குள் வீட்டில் இருக்கிறேன்.

சட்டம் எது வரைக்கும் வரும்?

இந்த விஷயத்தில் பெண்கள் மறக்கக் கூடாத பெயர் ஒன்று உண்டு: ஆட்ரி டி'கோஸ்டா. பம்பாயில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தவர். ஆண் ஸ்டெனோக்களுக்கு ஒரு சம்பளம், பெண் ஸ்டெனோக்களுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்று அங்கே வழக்கம். 1976-ம் வருஷத்துச் சம ஊதியச் சட்டத்தைக் காட்டி அவர் போராடினார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1987-ல் அவர் பக்கம் தீர்ப்பானது. நிர்வாகத்துக்குப் பண வசதி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து இந்தச் சட்டம் பொருந்துவதில்லை என்றும் கோர்ட் சொல்லிவிட்டது. அந்த 1976-ம் வருஷத்துச் சட்டம் இப்போது 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரே வேலைக்கு, அல்லது ஒரே மாதிரியான வேலைக்கு, ஆண் பெண் என்று பார்த்துச் சம்பளத்தில் வித்தியாசம் வைக்கக் கூடாது என்பது அதிலும் இருக்கிறது. ஓவர்டைம் பார்த்தால் வழக்கமான சம்பள விகிதத்தைப் போல இரண்டு மடங்கு தர வேண்டும் என்பதும் இருக்கிறது.

குறைந்தபட்சக் கூலியை அரசு நிர்ணயிக்கிறது. அதிலும் வேலையின் தன்மையைப் பொறுத்துத் தொகை மாறும். அதனால்தான் நாம் செய்யும் வேலையின் பெயரை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கணக்கு எழுதுகிறவளை 'ஹெல்பர்' என்று பதிவேட்டில் வைத்திருந்தால் நமக்குத்தான் நஷ்டம். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 'உனக்கு வேலை கூடிவிட்டது, இந்தா கூடுதல் சம்பளம்' என்று எந்தச் சட்டமும் தானாக வந்து வாங்கித் தராது. இதற்குக் கீழே போகக் கூடாது என்று சட்டம் தரை போட்டுக் கொடுக்கும். அதற்கு மேலே நம் வாய்தான்.

முடியாது என்று சொல்லிவிட்டால்?

சொல்லலாம். எல்லா முதலாளியும் எங்கள் முதலாளி மாதிரி இருக்க மாட்டார்கள். அப்போது கோபத்தில் 'நாளையிலேர்ந்து வர மாட்டேன்' என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். வேறு இடம் கையில் இல்லாமல் அந்த வார்த்தையை வாயில் எடுக்கவே கூடாது. நான் பேசப் போவதற்கு முன்பே இரண்டு இடத்தில் விசாரித்து வைத்திருந்தேன். அந்தத் தைரியம்தான் என் குரலை நடுங்காமல் வைத்தது. சம்பளம் கூட்ட முடியாது என்றால், கூடுதலாகச் சேர்ந்த வேலையில் எதை விடலாம் என்று பணிவாகக் கேளுங்கள். புதிதாக ஒன்று வரும்போது, 'செய்யறேன், இதுக்காக எதை நிறுத்தட்டும்?' என்று அப்போதே கேட்டுவிடுங்கள். எதற்கும் வழியில்லை என்றால் அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நல்லபடியாக வெளியே வாருங்கள். கற்ற வேலை நம்மோடுதான் வரும்.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு சம்பளம் உண்டு

வேலைக்குப் போகாத தோழியர், 'இதெல்லாம் நமக்கெதுக்கு?' என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவுக்கு நாம்தானே முதலாளி!

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க, கூட்டிப் பெருக்க ஓர் அம்மா வருகிறார். 2022-ல் என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட்டார். குளிப்பாட்டி விட ஆள் வேண்டியிருந்தது. அவரிடம் கேட்டேன். அவர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சொன்னார்: 'அக்கா, பாத்திரத்துக்குப் பேசினது பாத்திரத்துக்கு. பெரியம்மாவைக் குளிப்பாட்டறது வேற வேலை. செய்யறேன். அதுக்குத் தனியா என்ன தர்றீங்க, இப்பவே சொல்லிடுங்க.' முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. அங்கேயே நின்று பேசி, மாதம் 1,800 ரூபாய் கூடுதல் என்று முடித்தோம். இன்று வரை எங்களுக்குள் ஒரு மனஸ்தாபம் வந்ததில்லை. ப்ளஸ் டூ படித்து, டைப்ரைட்டிங் ஹையர் முடித்த நான் ஒரு வருஷம் கழித்து முதலாளியிடம் பேசினேன் என்றால், எப்படிப் பேசுவது என்று எனக்குக் காட்டிக் கொடுத்தது பள்ளிக்கூடமே போகாத அந்த அம்மாதான்.

வீட்டு வேலைக்கும் மணிக் கணக்கில் குறைந்தபட்சக் கூலி உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2018-ல் தமிழக அரசு அதை நிர்ணயித்தபோது மணிக்கு 37 ரூபாயிலிருந்து ஆரம்பித்தது. நாம் 'ஒரு கை காய் நறுக்கிக் கொடு', 'குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்க', 'மாடியையும் துடைச்சிடு' என்று சொல்கிறோமே, நம் ஆபீசிலும் கடையிலும் நமக்குச் சொல்வதும் இதே 'கொஞ்சம்'தான். அவர்கள் வாய் திறந்து கேட்கும்போது 'இந்தக் காலத்துல இவங்களுக்கு ரொம்பத்தான்' என்று நாம் முணுமுணுத்தால், நம் முதலாளி நம்மைப் பார்த்து முணுமுணுப்பதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது?

இல்லத்தரசிகளுக்கு இன்னும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகளோ மருமகளோ வேலையிலிருந்து வந்து, 'எல்லாத்தையும் என் தலையிலேயே கட்டறாங்கம்மா' என்று அலுத்துக்கொண்டால், 'கிடைச்ச வேலையைக் காப்பாத்திக்கடி' என்று அடக்கிவிடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்து, 'என்னென்ன செய்யறேன்னு எழுது, பார்ப்போம்' என்று சொல்லுங்கள். மளிகைக் கடைப் பில்லில் இரண்டு ரூபாய் கூடினாலும் கண்டுபிடிக்கிற கண் நம்முடையது. அந்தக் கண்ணால் அவளுடைய வேலையையும் சம்பளத்தையும் ஒரு தடவை சேர்த்துப் பார்த்துக் கொடுங்கள்.

— ஒரு வாசகி, கும்பகோணம்.